நாற்பத்தேழாம் லாட்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருக்கும் ஹலீமா பீயின் தோல் மண்டிக்கு, சரக்கு ஏற்ற லாரி வந்து நின்றது. கிடங்கின் உள் அறையில் தார்ப்பாயை இழுத்து விலக்கினார்கள். முன்வரிசையில் நாற்பத்தைந்தாம் லாட் இருந்தது, அடுத்து நாற்பத்தாறு இருந்தது. அவற்றுக்குப் பின்னால் நாற்பத்தேழு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மரப்பலகைகள் கிடந்தன.

ஐம்பது டஜன் ஆட்டுத்தோல். பதமிட்டுச் சாயமேற்றி, ஷூவின் உட்புறத்துக்கு வெட்டத் தயாரான தோல். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாரும் நழுவ முடியாது, ஒரு மினி லாரியாவது வேண்டும். ஆனால் பூட்டில் கீறல்கூட இல்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசல் கேமராவில் ஒரு மாதப் பதிவு நிற்கும். அதை ஓட்டிப் பார்த்ததில் கணக்கில் வராத வண்டி எதுவும் வெளியே போகவில்லை. அந்த ஒரு மாதமும் சனிக்கிழமை தவறாமல் கிடங்குக்காரர் வேலாயுதம் "எல்லா லாட்டும் இருக்கு" என்று ஆபீசில் சொல்லியிருந்தார். சாவிகள் இரண்டு. ஒன்று ஹலீமா பீயின் பீரோவில், மற்றது வேலாயுதத்தின் இடுப்பில்.

பழி போட ஊருக்கு இவ்வளவு போதும். மத்தியானச் சோற்றுக்குள் வேலாயுதம் திருடன் ஆகிவிட்டார். தோல் எப்படி வெளியே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. யார் எடுத்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாயங்காலம் ஹலீமா பீயின் அக்கா மகன் ஆபித் பாஷா இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நாட்றம்பள்ளிக்குப் போனான். மண்டியின் கொள்முதல் முழுக்க அவன் பொறுப்பு. நாட்றம்பள்ளியில்தான் வேலாயுதத்தின் மகள் பாக்யலட்சுமி வாழ்க்கைப்பட்டிருந்தாள். கட்டிலைத் தூக்கிப் பார்த்தான், பீரோவைத் திறக்கச் சொன்னான், மாட்டுக் கொட்டகையிலும் தேடினான். தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒன்றும் கிடைக்காமல் அவன் திரும்பிய பிறகு, பாக்யலட்சுமியின் மாமியார் ஒரு பையில் நாலு சேலையை வைத்துக் கொடுத்து, அப்பன் மேலிருக்கும் திருட்டுப் பேர் தீரும்வரை இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை, காலையில் தமிழினிக்குப் போன் வந்தது. பேசியது ஹலீமா பீயே. கணவர் இறந்த பிறகு மண்டியைத் தனியாக நடத்திவரும் அந்த அம்மாள், ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவதைச் செலவழிக்க மாட்டார்.

"ஸ்டாக் ஷீட்ட சரி பண்ணது நீதானே மா? கணக்கு சரின்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடு. மூணு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போவணும்."

தமிழினி கணியம்பாடிக்காரி. தோல் கம்பெனிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் எக்ஸெல் ஷீட்டுகளில் மாட்டிக்கொள்ளும் ஃபார்முலாக்களைச் சரிசெய்து கொடுப்பது அவள் தொழில். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனாலும் வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை யாராவது அவளைக் கூப்பிடுவார்கள். அவளுக்கு முன்கோபம் உண்டு, அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு: ஒரு விஷயம் உறுத்தினால் சோறு இறங்காது. அன்றைக்கு எடுத்துவைத்த இட்லி அப்படியே கிடந்தது.

உறுத்தியது டிசம்பரில் செய்த வேலை. ஆபித்தான் கோப்பை அனுப்பியிருந்தான். பரப்பளவுக் கணக்கு போடும் வரிசையை யாரோ கைவைத்துக் குதறியிருந்தார்கள். சில கட்டங்களில் அடைப்புக்குறி குறைந்தது, சிலவற்றில் காற்புள்ளி கூடியது, சிலவற்றில் ஃபார்முலாவே வெறும் எழுத்தாக நின்றது. அதையெல்லாம் வீட்டிலிருந்தபடியே நேராக்கினாள். அப்புறமும் சில வரிகளில் 'வேல்யூ' பிழை போகாமல் நின்றது, அதனால் மொத்தக் கூட்டலும் வரவில்லை. ஆபித் போனில் அவசரப்படுத்தினான். பிழை வரும் இடத்தில் எழுதின எண்ணையே அப்படியே எடுத்துக்கொள்கிற மாதிரி போட்டுவிடுங்கள் மேடம், சரக்கு அனுப்பின பார்ட்டியின் பில் நிற்கிறது என்றான். அவளும் 'இஃப்எரர்' என்கிற மூடியைப் போட்டு மூடினாள். கூட்டல் வந்தது, பில்லும் போனது. இப்போது அந்தக் கூட்டலை வைத்துத்தான் ஒரு மனிதரை உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள்.

பதினொன்றரைக்கு அவள் ஸ்கூட்டி மண்டிக்குள் நுழைந்தது. கிடங்கு வாசலில் அடுக்கியிருந்த பலகை மேல் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாக்யலட்சுமி, மடியில் அந்தப் பை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தமிழினி நேராக ஆபீசுக்குப் போகாமல் வேலாயுதத்தின் முன்னால் நின்றாள்.

"நாப்பத்தேழாம் லாட்ட கண்ணால பாத்தீங்களாண்ணே?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படி சனிக்கெழம சனிக்கெழம இருக்குன்னு சொன்னீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். லாட் வந்த நாள் கார்த்திகைக் கடைசி ஞாயிறு. கல்யாணமாகி நாலு வருஷமாக மகளுக்குக் குழந்தையில்லை. விரிஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் முங்க வைக்க அவளை முந்தின இரவே கூட்டிப் போயிருந்தார். அன்றைக்கு லாரி வந்தது. பீரோச் சாவியை வாங்கி அறையைத் திறந்து சரக்கை இறக்கி வைத்தது ஆபித். திங்கட்கிழமை இவர் வந்தபோது எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தார்ப்பாய் போட்டிருந்தது. மூன்று லாட், பின்னால் இருப்பது நாற்பத்தேழு என்று ஆபித் சொன்னான். முன்னால் இருக்கிற குவியலை இறக்கினால்தான் பின்னால் போய்ப் பார்க்க முடியும். இவர் இறக்கவில்லை.

"மொதலாளி ஊட்டுப் புள்ள சொல்றாரு. அத போய் நான் தொறந்து பாப்பேனா?"

தப்புத்தான். ஆனால் அது திருட்டு இல்லை. தமிழினி அவரை எழுப்பி, லாரியில் ஏற்றாமல் நிறுத்திவைத்த நாற்பத்தாறாம் லாட்டிலிருந்து ஒரு தோலை எடுத்துக் காட்டச் சொன்னாள். உள்பக்கத்து மூலையில் சாக்குக்கட்டியால் 6 என்று பெரிதாகவும், அதன் தலைமேல் 2 என்று சின்னதாகவும் எழுதியிருந்தது. ஆறரைச் சதுர அடி என்றார் வேலாயுதம். அளக்கும் மெஷினில் ஒருவர் தோலை விடுவார், இன்னொருவர் முள் காட்டுவதைப் பார்த்து உடனே எழுதுவார். சின்ன எழுத்து கால் அடியைக் குறிக்கும்: ஒன்று கால், இரண்டு அரை, மூன்று முக்கால். ஷீட்டில் அடிக்கும்போது அதே 6.2 என்று போவதாகச் சொன்னார். தமிழினி வேலை பார்த்த பெரிய கம்பெனிகளில் மெஷினே தசமக் கணக்கில் அச்சடித்துக் கொடுத்துவிடும். டிசம்பரில் அவள் அடைப்புக்குறியைத்தான் பார்த்தாள், ஃபார்முலா ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை; இந்த மண்டியின் பழக்கம் வேறு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தோலை அவள் வேலாயுதத்திடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஸ்கூட்டி சீட்டின் மேலேயே லேப்டாப்பைத் திறந்து, டிசம்பரில் மூடி போடுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பிரதியைப் பார்த்தாள். நாற்பத்தைந்தில் ஒரு பிழையும் இல்லை. நாற்பத்தாறிலும் இல்லை. பிழை அத்தனையும் நாற்பத்தேழில்தான், அதிலும் எல்லா வரியிலும் இல்லை. 5.1 இருந்த வரி சரியாக இருந்தது. 6.2 இருந்த வரியும் சரி. 5.7, 6.4, 4.9 என்று இருந்த வரிகளில் பிழை.  லேப்டாப்பை மூடிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

மணி பன்னிரண்டே கால். ஹலீமா பீ மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே ஆபித் பாஷா; சென்னையில் எம்.பி.ஏ. படித்து முடித்துப் போன வருஷம்தான் மண்டிக்குள் வந்தவன், இஸ்திரி கலையாத சட்டைக்காரன். ஓரத்தில் கணக்கர் ஜோசுவா. ஆபீசுக்கு மாறுமுன் பத்து வருஷம் அளக்கும் மெஷினில் நின்றவர். இப்போது ஷீட்டில் எண்களை அடிப்பது அவர் வேலை. மேசைமேல் புகார் மனு தயாராக இருந்தது, அதன் கீழே ஷீட்டின் நகல். பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தார்கள்.

தமிழினி பேனாவைத் தொடவில்லை. ஜோசுவாவைப் பார்த்தாள்.

"நாப்பத்தேழாம் லாட்ட அடிச்சது நீங்களாண்ணா?"

"நாந்தான். திங்கக்கெழம காலைல."

"எத பாத்து?"

"மேசமேல தாள் இருந்துச்சு. பாத்து அடிச்சேன்."

"தாள் எங்க?"

"அடிச்சதும் கிழிச்சுப் போட்டுடுவோம். எப்பவும் அப்படித்தான்."

"யார் எழுத்து?"

ஜோசுவா உதட்டைக் கடித்தார். தாள் பிரிண்ட் எடுத்தது, கையெழுத்து இல்லை என்றார். ஆபித் குறுக்கே வந்து, பார்ட்டி அனுப்பினது, நான்தான் மேசைமேல் வைத்தேன் என்றான். தோல்களைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று தமிழினி கேட்டாள். ஒவ்வொரு கட்டையும் பிரித்துத் தாளோடு ஒத்துப் பார்த்தேன் என்று அவன் தயங்காமல் சொன்னான். அப்படியானால் ஒன்று ஆபித் பொய் சொல்லவேண்டும், அல்லது அடிக்கும்போது ஜோசுவா எண்களை மாற்றியிருக்கவேண்டும். தாளே இல்லாதபோது யாரைக் கேட்பது? ஜோசுவாவின் நெற்றி வியர்த்திருந்தது. வியர்வையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தமிழினி மூன்று வெள்ளைத் தாள்களைக் கேட்டு வாங்கினாள். கையெழுத்துப் போடுமுன் ஃபார்முலாவைச் சோதிக்கவேண்டும், அதற்குச் சும்மா கொஞ்சம் எண்கள் வேண்டும் என்றாள். வேலாயுதத்தையும் உள்ளே கூப்பிட்டாள். மூன்று பேரும் ஆளுக்குப் பத்துத் தோலின் அளவை மனதில் தோன்றியபடி எழுதவேண்டும், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது.

ஆபித் சிரித்தான். "எக்ஸாமா மேடம்?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

அவன்தான் முதலில் எழுதி முடித்தான். வேலாயுதம் ஐந்தாவது வரியிலேயே நின்றார். மெதுவாக எழுதுங்கள் என்று ஜோசுவா தன் நாற்காலியை விட்டுக் கொடுத்தார். ஹலீமா பீ கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்து லுஹர் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவர் எழவில்லை.

தமிழினி தான் போட்ட மூடியை எடுத்தாள். பழைய ஃபார்முலாவை அப்படியே திரும்பப் போட்டாள். வேலாயுதத்தின் எண்களை அடித்தாள்: 5.1, 6.0, 4.3, 5.2... பத்தும் அடியாக மாறி, கூட்டல் வந்தது. ஜோசுவாவின் தாளில் எண்கள் மேலே சின்ன எழுத்தோடு இருந்தன, பழக்கம் விடவில்லை. 7.3, 6.0, 5.2, 5.1... அதிலும் கூட்டல் வந்தது. மூன்றாவது தாள்: 5.6, 6.2, 7.8, 4.9... இரண்டாவது வரியைத் தவிர மற்றதெல்லாம் பிழை காட்டியது. ஐந்தாவதை அடித்தாள், ஆறாவதை அடித்தாள், அதுவும் அப்படியே. கூட்டல் இடத்திலும் அதே பிழை வந்து நின்றது.

 ஜோசுவாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் "ஏசுவே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

தமிழினி ஹலீமா பீயின் பக்கம் திரையைத் திருப்பினாள். இந்த ஃபார்முலாவுக்கு நாலே நாலு பதில்தான் தெரியும் என்றாள். புள்ளிக்குப் பின்னால் பூஜ்யமா, ஒன்றும் கூட்டாதே. ஒன்றா, கால். இரண்டா, அரை. மூன்றா, முக்கால். நாலு வந்தால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தர அவசியமும் இல்லை, ஏனென்றால் நாலு கால் சேர்ந்தால் அடுத்த அடி ஆகிவிடும். இந்த மண்டிக்கு வருகிற எந்தத் தோலிலும் சின்ன எழுத்து மூன்றைத் தாண்டாது.

"நாப்பத்தேழாம் லாட்ல பாதிக்கு மேல நாலு, ஏழு, ஒம்பதுன்னு இருக்கு. அப்படி ஒரு தோலு உங்க மண்டிக்குள்ள வந்ததே இல்லம்மா. பொய் அளவ பாத்து இந்த ஃபார்முலாதான் மொதல்ல கத்துச்சு. அது வாய மூடுனது நான்."

ஹலீமா பீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூட்டின ரூமுலேர்ந்து எப்படிப் போச்சு?"

"போவல. வந்தாத்தானே போறதுக்கு."

எல்லோரும் தோல் வெளியே போன வழியைத் தேடினார்கள். உள்ளே வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு லாட் வந்த லாரியில் மூன்று வந்ததாகத் தாள் சொன்னது. பின்வரிசையில் வெறும் பலகையை அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே தார்ப்பாயால் மூடினால் வேலை முடிந்தது. வேலாயுதம் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு வாகாகக் கிடைத்தது. எண்களை யார் இட்டுக்கட்டினார்கள் என்பதுதான் மிச்சம். மெஷினில் நின்ற கை தூக்கத்தில் எழுதினாலும் மூன்றைத் தாண்டாது. ஜோசுவா பொய் லாட் எழுதியிருந்தால் அது மெய்யைப் போலவே கூடியிருக்கும், இந்தப் பிழையே வந்திருக்காது. இதை எழுதியவர் புள்ளியைப் பார்த்தவர், தோலைப் பார்க்காதவர். பிழை வந்ததும் ஃபார்முலாதான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அதைக் குதறினார். முடியாமல் போனபோது தன்னைக் கூப்பிட்டார் என்று தமிழினி முடித்தாள்.

"கட்டு கட்டா பிரிச்சு ஒத்துப் பாத்தேன்னீங்களே ஆபித் பாய். ஒரே ஒரு தோல திருப்பிப் பாத்திருந்தாக்கூட ஏழும் ஒம்பதும் எழுதியிருக்க மாட்டீங்க."

ஆபித் பாஷா நாற்காலியை விட்டு எழுந்தான், உட்கார்ந்தான். பிறகு சித்தியைப் பார்த்து "காலா" என்று ஆரம்பித்து உருதுவில் வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினான். ஹலீமா பீ கையை உயர்த்தினார்.

"தமிழ்ல சொல்லு. வேலாயுதத்துக்குப் புரியணும்."

அவன் தமிழில் சொன்னபோது அது மிகவும் சின்னதாக இருந்தது. சென்னையில் தோஸ்த் ஒருவனோடு சேர்ந்து ஏதோ தொழிலில் போட்டுத் தோற்றிருந்தான். வராத நாற்பத்தேழாம் லாட்டுக்கு மண்டி பணம் கட்டிய பார்ட்டி பில்லும் அந்த தோஸ்த் பேரில்தான். அடுத்த சீசனில் லாபம் வந்ததும் அதே அளவு தோலை வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தான். சரக்கை ஏற்றிப்போகும் லாரி ஒரு மாதம் முந்தி வந்துவிட்டது. அப்புறம் யாராவது ஒருவர் தலையில் விழத்தானே வேண்டும் என்று அவன் நினைத்ததை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஹலீமா பீ புகார் மனுவை எடுத்து இரண்டாக மடித்தார். கிழிக்கவில்லை, மேசை இழுப்பறையில் வைத்தார். அந்தக் காகிதத்தில் பேர் மாறப்போகிறதா, எப்போது மாறும் என்பது அவருக்கே அந்த நிமிஷம் தெரிந்திருக்காது. அக்காவின் முகம் அவர் கண்முன் வந்திருக்கும். மேசைமேல் நேற்று வேலாயுதத்திடமிருந்து பிடுங்கி வைத்த கிடங்குச் சாவி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து, வேலாயுதத்திடம் நீட்டினார். வேலாயுதம் பழக்கத்தில் எழுந்து நின்றார்.

"தப்பு நடந்துபோச்சு வேலாயுதம்."

வேலாயுதம் கையை நீட்டவில்லை. குரல் நிதானமாக வந்தது.

"நேத்து காலைல என்ன கூப்ட்டு, இன்னாய்யா இதுன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா."

ஹலீமா பீ சாவியை இன்னும் கொஞ்சம் நீட்டினார். வேலாயுதம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பலகை மேல் பாக்யலட்சுமி அதே பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சாவி இருக்கட்டும்மா. எம்மேல தப்பில்லன்னு இங்க நாலு செவுத்துக்குள்ள சொல்லி இன்னா ஆவப்போவுது? எம்பொண்ணு ஊட்டுத் தெருவுல சொல்லணும். அங்கதான் பீரோவ தொறந்தாங்க."

 ஹலீமா பீ வெளி ஊருக்கு, அதுவும் வேலைக்காரர் சம்பந்தி வீட்டுத் தெருவுக்குப் போய் நின்று பேசியவர் அல்ல. மண்டிக்கே காரில் வந்து காரில் போகிறவர். ஜன்னல் வழியே அவர் அந்தப் பெண்ணின் மடியிலிருந்த பையையே பார்த்தார். பிறகு நாற்காலி முதுகிலிருந்த புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஜோசுவா, வண்டிய எடுக்கச் சொல்லு. நாட்றம்பள்ளி." கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னார். "ஆபித், நீயும் வா. நீ தேடுன எடத்துலயே நின்னு நீ சொல்லு."

மூன்று மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய கார், லுஹர் தொழுகை முடிந்த கையோடு கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறியது. முன் சீட்டில் ஆபித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு ஓரம் வேலாயுதம், மறு ஓரம் ஹலீமா பீ, நடுவில் பையோடு பாக்யலட்சுமி. கிடங்குச் சாவி இன்னும் ஹலீமா பீயின் கையிலேயே இருந்தது.